சீட்டில்லாத மரவட்டைகள்

சித்திக்கு மரவட்டைதான் படிப்பு. பாபநாசம் மலையில் தொடங்கி, மேற்குத் தொடர்ச்சி மலையோடு வடக்கே போகப் போக மரவட்டை வகைகள் குறைகின்றனவா என்று கண்டுபிடிப்பது அவளுடைய ஆராய்ச்சி. நான்கு மழைக்காலம் காடு காடாக அலைந்து, அட்டைக்கடியோடு திரும்பி வந்தாள். விக்கிரமசிங்கபுரத்து வீட்டின் முன்னறை அலமாரி முழுக்க ஸ்பிரிட் ஊற்றிய சின்னப் பாட்டில்கள். ஒவ்வொன்றிலும் சில மரவட்டைகளும், எந்தக் காட்டில் பிடித்தது என்று பென்சிலால் எழுதிய ஒரு சீட்டும் மிதக்கும்.

“பூச்சிய எண்ணுததுக்கு ஒரு பட்டமா?” என்பார் தாத்தா. ஆனாலும் பஸ் ஏற்றிவிட அவரேதான் போவார்.

எனக்கு அப்போது எட்டு வயது. ஒரு வெள்ளிக்கிழமை சித்தியைப் பெண் பார்க்க வருவதாக இருந்தது. கல்லூரிக்குப் போயிருந்த அவள் மத்தியானம்தான் திரும்புவாள்.

“ஏட்டி, அந்தக் கண்றாவிய யார் கண்ணுலயும் படாம ஒதுக்கி வையி” என்று சொல்லிவிட்டு அம்மா அடுப்படிக்குப் போய்விட்டாள்.

அத்தனை பாட்டில்களை எங்கே ஒளிப்பது? பெரிய ஊறுகாய் ஜாடி ஒன்றைக் கழுவி எடுத்துவந்து எல்லாவற்றையும் அதில் கொட்டினேன். ஊறிக்கிடந்த சீட்டுகளைப் பொறுக்கி எறிந்தேன். அம்மா கன்னத்தைத் தட்டிக்கொடுத்தாள்.

சித்தி வந்ததும் ஜாடியைத்தான் பார்த்தாள்.

“சீட்டெல்லாம் எங்கட்டி?”

“அங்கன குப்பையில சித்தி. பூச்சி ஒண்ணக்கூடத் தூரப் போடல.”

ஓடிப்போய்க் குப்பையைக் கிளறினாள். சீட்டுகள் கிடைத்தன. கறுப்பாக ஒரு மரவட்டையை உள்ளங்கையில் எடுத்து, “இது எந்த ஊரு?” என்று பையக் கேட்டாள்.

“எல்லாம் காட்டுப் பூச்சிதான சித்தி.”

அவள் என்னை அடிக்கவில்லை. முகம் கழுவிப் பட்டு உடுத்தி, காபித் தட்டை எடுத்துப் போனாள். வீடு துப்புரவாக இருக்கிறது என்று வந்தவர்கள் மெச்சினார்கள்.

அதன்பிறகு பல நாள் லென்சோடு ஜாடி முன்னால் உட்கார்ந்திருந்தாள். வகையைப் பிரிக்க முடிந்தது; ஊரைப் பிரிக்க முடியவில்லை. கடைசியில் தாத்தாவிடம் போய், “படிப்பு அலுத்துப்போச்சுப்பா. அவங்களுக்குச் சரின்னு சொல்லிருங்க” என்றாள்.

“முடிச்சிட்டுத்தான் போயேன்ளா” என்று தாத்தா கெஞ்சிப் பார்த்தார். அப்போதும் என்னைப் பற்றி அவள் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

கல்யாணம் முடிந்து கார் ஏறும்போது என்னைக் கட்டிக்கொண்டு அடக்கமாட்டாமல் அழுதாள். வீட்டைவிட்டுப் போகிற பெண்கள் எல்லாரும் அழுவார்கள் என்றாள் அம்மா. நானும் அப்படித்தான் நினைத்தேன். “போட்டோ எடுக்காங்க, சிரி சித்தி” என்று அவள் கண்ணைத் துடைத்துவிட்டேன்.