கடைசியில் இருந்த ‘சி’

எங்கள் பழைய டிராக்டரின் பிரேக் ஷூவில் பொறித்திருந்த எண்ணைக் கடைக்காரருக்குப் போனில் படித்து, புதியதை வரவழைத்தேன். எண்ணின் கடைசியில் ஒரு ‘சி’ இருந்தது. அது எதற்கென்று சொல்லாமல் விட்டுவிட்டேன். நானே மாட்டி, கரும்பு ஏற்றி, திருவாலங்காட்டுச் சர்க்கரை ஆலைக்குக் கிளம்பினேன்.

சரிவில் மிதித்தால் வண்டி நிற்கவில்லை. எதிரே மூடிய ரயில்வே கேட்!

“முருகா!” என்று அலறினேன்.

“சாமிய அப்பறம் கூப்டுங்க, பிரேக்க மிதிங்க!” என்றாள் பக்கத்திலிருந்த மனைவி.

“மிதிச்சிகினுதாண்டி கீறேன்!”

ஓரத்து வைக்கோல் போரில் வண்டியை விட்டேன். போர் தாங்கியது.

கழற்றிப் பார்த்தால், புது ஷூ பழையதைவிட ஒல்லி. அளவை மாற்றினால், எண்ணை மாற்றாமல் கடைசி எழுத்தை மட்டும் கம்பெனி மாற்றுமாம்.

இப்போது பழைய பாகத்தையே கடைக்குத் தூக்கிப் போகிறேன். தேங்காய் எண்ணெய் வாங்கப் போனாலும் மனைவி கேட்கிறாள்: “சி சொன்னீங்களா?”