எங்கள் தெருவின் ஞாயிறு

“நீ ஒருத்தி படிப்ப, சரி. மீதிக்கு ஆளு எங்கடி?”

கோயிலில் பைபிள் வாசகம் படிக்க ஆள் பிரித்துக் கொடுக்கும் அக்கா இப்படிக் கேட்டபோது நான் ஒன்பதாம் வகுப்பு படித்துக்கொண்டிருந்தேன். என் கையில் துடைப்பம் இருந்தது.

எங்கள் பங்கில் தெருக்களை அன்பியங்களாகப் பிரித்திருந்தார்கள். ஒவ்வொரு ஞாயிறும் ஓர் அன்பியத்துக்கு முறை. முறை வந்தவர்கள் கோயிலைப் பெருக்க வேண்டும், பீடத்துக்குப் பூ வைக்க வேண்டும், திருப்பலியில் இரண்டு வாசகம் படித்து நான்கு மன்றாட்டுச் சொல்ல வேண்டும். ஆறுக்கும் ஆறு பேர். கரும்பு வெட்டவும் மரவள்ளிக்குக் களை எடுக்கவும் போகிற தெரு எங்களுடையது. பெருக்குவதையும் பூ வைப்பதையும் செய்துவிட்டு, மைக்கை மெயின் ரோட்டுக்காரர்களிடம் விட்டுவிடுவோம். யாரும் அப்படிச் சொல்லவில்லை. பழகிப்போயிருந்தது.

ஆனால் எனக்குப் படிக்கத் தெரியுமே! எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான்.

அந்த ஞாயிறுகள் இப்போதும் அப்படியே நினைவில் இருக்கின்றன. கோயிலில் முதல் மணி அடித்தால் குளியல், இரண்டாம் மணிக்குச் சடை, மூன்றாம் மணிக்கு ஓட்டம். ஈரச் சடை முதுகில் சொட்டச் சொட்டப் பாயில் முன்வரிசையில் உட்காருவோம். திருப்பலி முடிந்ததும் புங்கமரத்தடியில் மறைக்கல்வி. சிஸ்டர் கேள்வி கேட்பார், நாங்கள் ராகம் இழுத்துப் பதில் சொல்லுவோம். சரியாகச் சொன்னால் சின்னதாக ஒரு புனிதர் படம் கிடைக்கும். என் கணக்குப் புத்தகம் முழுக்க அந்தப் படங்கள்தான்.

வகுப்பு முடிந்ததும் நேராகக் காட்டு வேலை. அதனால் அம்மா தூக்குவாளியோடு புங்கமரத்துக்குப் பக்கத்திலிருந்த மாதா கெபி அருகே காத்திருப்பாள். காத்திருந்தபடியே உதடு அசைத்துக்கொண்டிருப்பாள். ஒருநாள் வீட்டில் பத்துக் கட்டளையை ஒப்பித்துக்கொண்டிருந்த நான் ஏழாவதில் தடுமாறினேன். அடுப்பில் விறகைத் தள்ளிக்கொண்டே மிச்சத்தை அம்மா முடித்தாள். கையெழுத்துக்குப் பதில் கைநாட்டு வைக்கிற அம்மா.

அக்காவின் கேள்விக்கு அன்று, “ஆறையும் நானே படிக்கிறேங்க” என்று சொல்லிவிட்டேன். மன்றாட்டை நானே எழுதுவதாகத் தெருவில் செய்தி பரவியது.

“எழுதிக்கோ. என் வெள்ளாட்டக் காணோம். அதுக்கு ஒண்ணு” என்றார் எதிர்வீட்டுப் பெரியம்மா.

“ஆட்டுக்குச் செவ்வாக்கெழம நவநாள் இருக்குதுக்கா. காணாமப் போனதத் தேடிக் குடுக்கற புனிதரு, அவருகிட்டப் போய்ச் சொல்லு” என்றாள் என் அத்தை.

“சொல்லி ரெண்டு வாரம் ஆவுது. வேற யாரு ஆட்டையோ தேடிக்கினு கீறாரு போல.”

ஞாயிறு அன்று மைக் என் நெற்றிக்கு நேராக இருந்தது. குதிகாலை உயர்த்திக்கொண்டே இரண்டு வாசகத்தையும் படித்தேன். மூன்றாம் மன்றாட்டில், “காணாமற்போனவை எல்லாம் வீடு வந்து சேர” என்று நான் நிறுத்திய இடத்தில், பெண்கள் பக்கமிருந்து, “வெள்ளாடு” என்று தெளிவாக ஒரு குரல் வந்தது. ஃபாதர் தலையைக் குனிந்துகொண்டார். கேட்டருள வேண்டுமென்று பதில் சொல்லும்போது எங்கள் தெருப் பெண்களின் சத்தம்தான் மேலே கேட்டது. 

வெளியே வந்ததும் அக்கா என் கன்னத்தைத் தட்டினார். “நல்லாத்தான் படிச்ச. ஆனா ஒரே ஆளு ஒரு தெருவாடி?”

எனக்குப் பெருமையாக இருந்ததால் அந்தக் கேள்வி உறைக்கவில்லை. கள்ளக்குறிச்சியில் கல்லூரிக்குப் போனபோதுதான் உறைத்தது. பரீட்சைக்காக நான் வர முடியாமல் போன ஞாயிறுகளில் எங்கள் தெரு மறுபடியும் துடைப்பத்தோடு நின்றுகொண்டது.

இப்போது கல்வராயன் மலையில் ஒரு பள்ளியில் எனக்கு வேலை கிடைத்திருக்கிறது. அங்கேதான் தங்க வேண்டும். கிளைக்கோயிலில் ஞாயிறு மறைக்கல்வியும் எடுக்கச் சொல்லியிருக்கிறார் ஃபாதர். நான் மலை ஏறிவிட்டால் எங்கள் முறை என்னோடு போய்விடும்.

அம்மாவிடம், “நீ மன்றாட்டுச் சொல்லும்மா” என்றேன்.

“எழுத்து தெரியாதவ அங்க ஏறி நின்னு இன்னாத்தடி பண்றது?”

“படிக்க வேணாம்மா. பத்துக் கட்டள சொன்னியே, அப்படிச் சொன்னா போதும்.”

“மறந்துட்டா? தெருவே சிரிக்கும்.”

“எனக்கும் ஒண்ணு குடு” என்று வாசலிலிருந்து பெரியம்மா குரல் கொடுத்தார். “ஆடு இல்லாமச் சொல்றேன்.”

அம்மா சிரித்துவிட்டாள். அதன் பிறகு மரவள்ளிக் காட்டில் களை எடுத்துக்கொண்டே நான் ஒரு வரி சொல்ல, அடுத்த பார் வரிசையிலிருந்து அவள் திருப்பிச் சொன்னாள். அத்தையும் பக்கத்து வீட்டுச் சித்தியும் தாமாகவே சேர்ந்துகொண்டார்கள்.

போன ஞாயிறு அக்காவிடம் போனேன். வாசகத்துக்கு எங்கள் தெருவிலிருந்து மறைக்கல்விக்கு வரும் இரண்டு பெண்பிள்ளைகள், மன்றாட்டுக்கு அம்மா, பெரியம்மா, அத்தை, சித்தி என்று ஆறு பெயரையும் சொன்னேன். அக்கா விரல் மடக்கிக்கொண்டே வந்து, “உன் பேரு?” என்று கேட்டார்.

“நான் மலையில இருப்பேங்க” என்றேன்.

வெளியே, கோயிலைக் கவனித்துக்கொள்ளும் உபதேசியார் ஸ்பீக்கர் ஒயரைச் சுற்றிக்கொண்டிருந்தார். அவரிடம் போய், எங்கள் முறை வரும்போது மைக்கை நன்றாக இறக்கி வைக்கச் சொல்லிவிட்டு வந்தேன். அம்மா என்னைவிடக் குள்ளம்.