மூன்று மசாலாப் பொட்டலங்கள்

மிளகாயும் மல்லியும் காயவைத்து, மில்லில் அரைத்து, டின்னில் கொட்டி வைப்பதுதான் எங்களுக்குத் தெரிந்த மசாலா. அறுபதுகளில் அது கம்பெனிப் பொட்டலமாகவும் வர ஆரம்பித்தது. திருச்சி பெரிய கடைவீதிக்குப் பக்கத்தில் என் வீட்டுக்காரருக்கு மளிகைக் கடை. மருங்காபுரியிலிருந்து நான் வாக்கப்பட்டு வந்து சில மாதங்கள்தான் ஆகியிருந்தன. ஒருநாள் சிவப்பு, மஞ்சள், பச்சை என்று மூன்று பொட்டலங்களைக் கொண்டுவந்து அடுப்படியில் வைத்தார்.

“எதைக் கடைக்கு எடுக்கலாம்னு அம்மாவும் நீயும் ஆக்கிப் பார்த்துச் சொல்லுங்க.”

அம்மா என்றது என் மாமியாரை. கல்யாண வீடுகளிலிருந்து பிரியாணிப் பக்குவம் கேட்டு அவரிடம்தான் ஆள் வரும். அவர் பக்கத்தில் நின்று சமைக்கவே எனக்குப் பயம்.

கறியை மூன்று சட்டிகளில் பிரித்துப் போட்டு ஆக்கினேன். சிவப்பில் சோம்பு வாசனை தூக்கலாக இருந்தது. மஞ்சளில் வெறும் மல்லி. பச்சை கொதித்தபோதுதான் குழம்பிப்போனேன். அடுப்படி முழுக்கக் குளியல் சோப்பு வாசனை! பட்டணத்து மசாலா இப்படித்தான் மணக்குமோ?

மாமி மூன்றையும் ருசி பார்த்தார்.

“சிவப்பும் மஞ்சளும் ஒண்ணுதான்மா. பச்சைதான் நல்லா உறைக்குது. இதையே எடுக்கச் சொல்லு.”

இன்னொரு வாய் சோற்றோடு பிசைந்து நிம்மதியாகச் சாப்பிட்டார். நானும் ஒரு வாய் வைத்தேன். விழுங்க முடியவில்லை. என்னைச் சோதிக்கிறாரா? கேலி செய்கிறாரா? இல்லை, என் நாக்குதான் பட்டிக்காட்டு நாக்கா? ஒன்றும் விளங்காமல், “ஆமாங்க மாமி, நல்லாத்தான் இருக்கு” என்றேன்.

மதியம் சாப்பிட வந்த என் வீட்டுக்காரர் பச்சையில் கைவைத்ததும் முகத்தைச் சுளித்தார்.

“என்ன இது, சோப்புக் கட்டியைப் போட்டா ஆக்கினே? கடையில இந்தப் பொட்டலம் சோப்புப் பெட்டி மேல இருந்துச்சு. வாசனை ஏறிப்போச்சு போல. மோந்து பார்க்கலையா ரெண்டு பேரும்?”

மாமி பச்சைச் சட்டியைத் தள்ளி வைத்தார். நான் சிவப்பை எடுத்து அவருக்கு ஊற்றினேன்.

அவர் கடைக்குப் போனதும் மாமி பச்சைப் பொட்டலத்தை மூக்கோடு வைத்து இழுத்தார். அடுக்கடுக்காகத் தும்மினார். கண்ணில் நீர் வந்துவிட்டது.

“தும்மல் வருதும்மா. வாசனைதான் வரல.”

“எப்பலேர்ந்து மாமி?”

“இவன் சின்னப் பிள்ளையா இருக்கும்போது எனக்கு ஒரு காய்ச்சல் வந்துச்சு. அதோட போச்சு. உப்பு, புளிப்பு, உறைப்பு தெரியும். மத்ததெல்லாம் கை நிதானம். யார்கிட்டயும் சொல்லலை. சொன்னா யார் என்கிட்ட பக்குவம் கேட்பா?”

அத்தனை பிரியாணியும் மணம் தெரியாமலா ஆக்கினார்? எனக்கு அழுவதா, வியப்பதா என்று தெரியவில்லை. என்னைக் கேலி செய்யவில்லை என்று உள்ளுக்குள் ஒரு நிம்மதி வேறு.

சிவப்பையே எடுக்கலாம் என்று நாங்கள் அவரிடம் சொன்னோம். அவர் மஞ்சளையும் சேர்த்து வாங்கிப் போட்டார்; கடையில் என்னவோ மஞ்சள்தான் போனது. ஏன் என்று இன்றுவரை எனக்குப் புரியவில்லை.

அதற்குப் பிறகு எது கொதித்தாலும் மாமி என்னைக் கூப்பிடுவார்.

“எப்படி வருது, சொல்லு.”

“நல்லா வருதுங்க.”

“நல்லான்னா எப்படி?”

நான் மறுபடியும் குனிந்து முகர்வேன். வாசனை தெரியும். அதை எப்படிச் சொல்வது என்றுதான் தெரியாது. மாமி கரண்டியோடு காத்துக்கொண்டு நிற்பார்.