இருபத்தைந்து வருடக் குத்தகை

வில்மோஷுக்கு வேலை போன பிறகு வந்த முதல் குளிர்காலத்தில், அவன் மனைவி தெர்கா வீட்டை அடுப்படி அளவுக்குச் சுருக்கினாள். காஸ் பில் கட்ட வழியில்லை. மற்ற அறைகளைச் சூடாக்கும் வெந்நீர்க் குழாய்கள் உறைந்து வெடித்துவிடாமல் வில்மோஷ் தண்ணீரை வடித்தான். கொட்டகையில் கிடந்த விறகடுப்பைத் துடைத்து அடுப்படியில் நிறுத்தி, பக்கத்திலேயே கட்டிலை இழுத்துப் போட்டார்கள். கடைசியாக மூடியது தோட்டத்துப் பக்கம் இருந்த சின்ன அறை. கதவின் கீழ் இடுக்கில் பழைய போர்வையைத் திணிக்கும்போது தெர்காவின் கை நின்றது. ஏறக்குறைய இருபத்து நான்கு வருடமாக அந்தக் கதவை அவர்கள் ஒருமுறைகூடச் சாத்தியதில்லை.

அது சில்லாவின் அறை. ஐந்து வயதில், ஒரு ஜனவரி மாதத்தில், மூன்றே நாள் மூளைக்காய்ச்சலில் போன மகள். பிறகு அவர்களுக்குக் குழந்தை பிறக்கவில்லை.

கடன் 2007-இல் வாங்கியது. கூரை ஒழுகியது, ஜன்னல்கள் இற்றுப்போயிருந்தன. வீட்டின் மேல் கடன் கேட்டுப் போனபோது வங்கியில் இருந்த பெண், "சுவிஸ் பிராங்க் கணக்குல வாங்குங்க, வட்டி பாதிதான்" என்றாள். ஓஸ்த் நகரில் பாதித் தெரு அப்படித்தான் வாங்கியிருந்தது. வில்மோஷ் சுவிட்சர்லாந்தைச் சாக்லேட் உறையில் பார்த்ததோடு சரி. கையெழுத்துப் போட்டான். இரண்டு வருடம் கழித்து, கார்களுக்கு ஒயர் கட்டும் ஆலை ஒரே வெள்ளிக்கிழமையில் நூற்று நாற்பது பேரை வீட்டுக்கு அனுப்பியது. அவனும் அதில் ஒருவன். அதே சமயம் பிராங்கின் மதிப்பு ஏறத் தொடங்கியது. ஐம்பத்து நாலாயிரம் ஃபோரிண்டாக இருந்த மாதத் தவணை தொண்ணூற்றாறாயிரத்தில் போய் நின்றது. தெர்காவுக்குப் பள்ளிச் சமையலறையில் சம்பளம் அறுபத்திரண்டாயிரம்.

அவள் அழவில்லை. கத்தரிக்கோலை எடுத்தவள் மாதிரி குடும்பச் செலவை ஒவ்வொன்றாக வெட்டினாள். கார் போயிற்று. தொலைபேசி போயிற்று. வில்மோஷ் சிகரெட்டைச் சுருட்டிப் பிடிக்கத் தொடங்கி, பிறகு அதையும் விட்டான். ரொட்டிக்குப் பன்றிக் கொழுப்பும் வெங்காயமும் போதும் என்றாயிற்று. மிளகாய்ப்பொடி போட்ட உருளைக்கிழங்குக் குழம்பில் சாசேஜ் ஒரு துண்டாகி, அரைத் துண்டாகி, ஒருநாள் அதுவும் இல்லை.

வில்மோஷ் கரண்டியால் குழம்பைத் துழாவினான். "இன்னிக்கு சாசேஜுக்கு லீவா?"

"அதையும் வேலைய விட்டு அனுப்பிட்டேன்" என்றாள் தெர்கா.

இருவரும் சிரித்தார்கள். அந்த வருடத்தில் அவர்கள் சேர்ந்து சிரித்த நாட்கள் அதிகமில்லை.

பிப்ரவரியில் ஒரு சனிக்கிழமை முற்பகல். தெர்கா உருளைக்கிழங்குக்குத் தோல் சீவிக்கொண்டிருந்தாள். போர்வை திணித்த கதவுக்கு அந்தப் பக்கம் யாரோ இருமினார்கள். சின்ன இருமல். இரண்டு தடவை.

"கேட்டியா?"

விறகு அடுக்கிக்கொண்டிருந்த வில்மோஷ் தலையைத் தூக்கவில்லை. "தண்ணி வடிச்ச குழாய்க்குள்ள காத்து புகுந்து விளையாடுது."

"காத்து இப்படியா இருமும்?"

"கிழங்கப் பாரு தெர்கா. தோலோட பாதியச் சீவித் தள்ளுற."

அவன் குரல் சரியாக இல்லை. அவனுக்கும் கேட்டிருக்கிறது என்று அவளுக்குத் தெரிந்துபோயிற்று. கதவைத் திறந்து பார்க்கலாம் என்று இருவரில் ஒருவரும் சொல்லவில்லை. அதன் பிறகு வாரத்துக்கு ஒருமுறையாவது அது கேட்டது. வசந்தம் வந்து குழாய்களில் மறுபடி தண்ணீர் நிரப்பிய பிறகும், எப்போதாவது கேட்டது.

அந்த வருடம் கல்லறைத் திருநாளுக்கு இரண்டு நாள் முன்பு, தெர்கா மட்டும் போனாள். வழக்கமாக வாங்கும் பெரிய சாமந்திச் செடி அந்த முறை கிடையாது. தோட்டத்தில் பூத்ததைப் பறித்துப் பால் டப்பாவில் சொருகி எடுத்துப்போனாள். மெழுகுவர்த்தி ஒன்றே ஒன்று. வெட்கத்தோடுதான் மகளின் கல்லை நெருங்கினாள். கல்லின் நெற்றியில் மஞ்சள் தாள் ஒன்று ஒட்டியிருந்தது. இந்த இடத்தின் குத்தகை முடிகிறது, உரியவர்கள் அலுவலகத்துக்கு வரவும், தவறினால் இடம் வேறொருவருக்கு ஒதுக்கப்படும் என்று அச்சடித்திருந்தது.

1986-இல் இருபத்தைந்து வருடத்துக்குக் கட்டியிருந்தார்கள். அப்போது அவளுக்கு இருபத்தெட்டு வயதுகூட ஆகவில்லை. இருபத்தைந்து வருடம் என்பது முடியக்கூடிய ஒன்று என்று அன்றைக்குத் தோன்றவேயில்லை.

அலுவலகத்தில் கண்ணாடி போட்ட ஒரு மனிதர் பேரேட்டைப் புரட்டினார். "ஜனவரி கடைசியோட முடியுதும்மா. புதுப்பிக்க நாப்பத்தெட்டாயிரம்."

"கட்டலேன்னா?"

"உடனே ஒண்ணும் பண்ண மாட்டோம். கொஞ்ச நாள் பொறுப்போம். அப்புறம் கல்லை எடுத்துருவோம்."

"கல்லுக்குக் கீழ இருக்கிறத?"

அவர் பேரேட்டின் அடுத்த பக்கத்தைப் புரட்டினார்.

வீட்டில் உறைக்குள் ஐம்பதாயிரத்துச் சொச்சம் இருந்தது. அதை வங்கிக்கென்று ஒதுக்கியிருந்தாள். இரண்டு தவணை ஏற்கனவே நிலுவை. பிப்ரவரிக்குள் ஒரு பகுதியாவது கட்டாவிட்டால் ஒப்பந்தத்தை முறிப்போம், வீட்டை ஏலத்துக்கு விடுவோம் என்று கடிதம் வந்திருந்தது. அந்த வீட்டில்தான் சில்லா நடக்கப் பழகினாள், அங்கேதான் அவள் அறை இருந்தது. உறையைத் திறந்தாள், மூடினாள். வில்மோஷிடம் சொல்லவில்லை. வேலை போன மனிதனிடம் இதையும் எப்படிச் சொல்வது? திருநாளன்று இருவரும் சேர்ந்து போயாக வேண்டும். தாளை அவன் கண்ணில் படாமல் எப்படி மறைப்பது என்று வழியெல்லாம் யோசித்துக்கொண்டே போனாள்.

போய்ப் பார்த்தால் கல்லில் தாள் இல்லை.

காற்றில் பறந்திருக்கும் என்று நினைத்தாள். பதினைந்து நாள் கழித்துத் தனியாகப் போனபோது புதுத் தாள் ஒட்டியிருந்தது. அடுத்த வாரம் போனால், மறுபடி இல்லை. பக்கத்தில் ஏழெட்டுக் கல்லறைகளில் அதே மஞ்சள் தாள் மழையில் நனைந்து வெளுத்து, ஓரம் கிழிந்து ஒட்டிக்கொண்டுதான் இருந்தது. சில்லாவின் கல் மட்டும் கழுவித் துடைத்த முகம் மாதிரி சுத்தமாக இருந்தது.

அப்போதுதான் தெர்காவுக்குப் பயம் வந்தது. சில்லாவுக்கு ஒரு பழக்கம் உண்டு. எதில் எது ஒட்டியிருந்தாலும் நகத்தால் சுரண்டி உரித்துவிடுவாள். அந்த நாட்களில் அவர்கள் வீட்டு ஜாம் பாட்டில் ஒன்றாவது பெயரோடு இருந்ததில்லை. ஆப்ரிகாட் எது, பிளம்ஸ் எது என்று திறந்து பார்த்தால்தான் தெரியும்.

பள்ளிச் சமையலறையில் தலைமைச் சமையல்காரி மன்சியிடம் மட்டும் சொன்னாள். மன்சி கேரட் நறுக்குவதை நிறுத்தவில்லை.

"செத்துப்போன பிள்ளைக்கு நகம் ஏதுடி?"

"சிரிக்காதீங்க அக்கா."

"சிரிக்கல. நீ சாப்பிடறதில்ல, அதான் விஷயம். ரொட்டியெல்லாம் அந்த ஆளுக்கே வச்சுட்டு நீ வாசனை பிடிச்சுக்கிட்டுத் திரியற. வயிறு காலியா இருந்தா தலைக்குள்ள யார் வேணும்னாலும் குடிவருவாங்க." மீந்த ரொட்டி நாலு துண்டைத் துணியில் சுற்றி, யாரும் பார்க்காதபோது தெர்காவின் பைக்குள் தள்ளினாள். "இதையாவது நீ தின்னு."

தெர்கா தின்றாள். ஆனாலும் உள்ளூர ஒரு நினைப்பு அவளை விடவில்லை. குழந்தை தன்னைத்தானே காத்துக்கொள்கிறது. அம்மா கட்ட மாட்டாள் என்று அதற்குத் தெரிந்துவிட்டது. அதனால்தான் வெறும் கையால் போராடிக்கொண்டிருக்கிறது.

டிசம்பரில் பனி கொட்டியது. பள்ளிக்கு விடுமுறை விட்ட மறுநாள், விறகுக்கடைக்குப் போய்வருகிறேன் என்று காலையிலேயே வில்மோஷ் கிளம்பிப் போனான். சற்றுப் பொறுத்துத் தெர்காவும் கிளம்பிக் கல்லறைத் தோட்டத்துக்கு ஏறினாள். புதிதாக விழுந்த பனியில் ஒரே ஒருவரின் காலடித் தடம் அவளுக்கு முன்னால் போனது. தடம் திரும்பிய இடத்தில் அவளும் திரும்பினாள்.

வில்மோஷ் சில்லாவின் கல்லுக்கு முன் மண்டியிட்டிருந்தான். பிளாஸ்கிலிருந்து வெந்நீரைக் கைக்குட்டையில் ஊற்றி, மஞ்சள் தாளின்மேல் வைத்து ஒற்றி, பேனாக்கத்தியால் ஓரத்தை மெல்லக் கிளப்பினான். வாய் முணுமுணுத்துக்கொண்டிருந்தது.

"இரு, இரு. இன்னும் கொஞ்சந்தான் ஒட்டியிருக்கு. இதோ ஆச்சு. வலிக்காது."

சில்லாவுக்கு முகம் துடைத்துவிடும்போது அவன் பேசிய அதே குரல்.

தெர்காவுக்குள் பயம் விலகிய இடத்தில் வேறொன்று வந்து உட்கார்ந்தது. அது பயத்தைவிடக் கனமாக இருந்தது.

"எத்தனை நாளா?" என்றாள்.

அவன் திடுக்கிட்டுத் திரும்பினான். கத்தி பனியில் விழுந்தது. "திருநாளுக்கு முந்தின நாள் வேலை தேடிப் போறப்ப இந்தப் பக்கமா வந்தேன். பாத்தேன். நீ பாத்தா தாங்க மாட்டியேன்னு..."

"நான் அதுக்கும் முந்தின நாளே பாத்துட்டேன்."

"ஏன் சொல்லல?"

"நீ ஏன் சொல்லல?"

கோட்டுப் பையிலிருந்து அவன் மடித்து வைத்திருந்த தாள்களை எடுத்தான். நான்கு. ஐந்தாவது பாதி கிழிந்து கல்லில் ஒட்டியிருந்தது. இருவரும் சேர்ந்தே அதை உரித்தார்கள்.

இறங்கி வரும்போது வில்மோஷ் சொன்னான்: "வங்கிக்கு வச்சிருக்கிறதத் தூக்கி இதுக்குக் கட்டிரு."

"கட்டினா வீடு போயிரும்."

"போற வீடு எப்படியும் போகும். ஒரு மாசம் முன்ன, ஒரு மாசம் பின்ன."

"உனக்கென்ன, சொல்லிருவ. அவ அந்த அறைக்குள்ள இருக்கா."

குழாய், காற்று என்று இந்த முறை அவன் மறுக்காததே அவளுக்குப் பெரிதாக இருந்தது.

ஜனவரி பாதியில் ஒருநாள், பள்ளியில் அவளுக்குப் பிற்பகல் வேலை மட்டும் இருந்த நாள், வில்மோஷ் வெளியே போயிருந்தபோது தெர்கா போர்வையை உருவிவிட்டு அந்தக் கதவைத் திறந்தாள். உள்ளே மூச்சு வெள்ளையாக வந்தது. புது ஜன்னல் கண்ணாடியின் உட்புறத்திலும் பனி பூத்திருந்தது. கடன் வாங்கி மாட்டிய ஜன்னல். கோட்டைப் போட்டுக்கொண்டு சின்னக் கட்டிலின் விளிம்பில் உட்கார்ந்தாள். எட்டு மணியிலிருந்து காத்திருந்தாள். ஒரு சத்தமும் இல்லை. பத்து மணிக்குக் கால் மரத்தது. பிறகு, வாய்விட்டுப் பேசத் தொடங்கினாள். கடையில் ஆரஞ்சு ஏன் வாங்கவில்லை என்று ஐந்து வயதுக் குழந்தைக்கு எப்படிச் சொல்வார்களோ, அப்படிச் சொன்னாள்.

"அப்பாவுக்கு வேலை இல்லடி செல்லம். அம்மாகிட்ட ஒரு கவர்ல பணம் இருக்கு. ஒண்ணு இந்த அறைக்குக் கட்டலாம், இல்லேன்னா அந்த இடத்துக்குக் கட்டலாம். ரெண்டுக்கும் பத்தாது. அம்மா எத்தனையோ குறைச்சுப் பாத்துட்டேன். இனிமே குறைக்க ஒண்ணும் இல்ல. நீயே சொல்லு, எங்க இருப்ப?"

இருமல் வந்தது. அறைக்குள்ளிருந்து வரவில்லை. அவள் முதுகுக்குப் பின்னால், அடுப்படியிலிருந்து வந்தது. அடுப்பு எரிந்துகொண்டிருந்த, வெதுவெதுப்பான பக்கத்திலிருந்து.

அவள் திரும்பவில்லை. அந்தக் கதவை மூடிய நாளிலிருந்து, குளிரில் பிள்ளையைத் தனியே விட்டுவிட்டோம் என்று நெஞ்சில் குத்திக்கொண்டிருந்த முள் ஏதோ நகர்ந்தாற்போல இருந்தது. எழுந்து, கதவைத் திறந்தபடியே விட்டுவிட்டு, உறையை எடுத்துக்கொண்டு கிளம்பினாள்.

கண்ணாடி போட்ட மனிதர் தயங்கினார். "கஷ்டம்னா பத்து வருஷத்துக்கு மட்டும் கட்டலாம்மா. பாதிக்கும் குறைவு. நிறையப் பேர் இப்ப அப்படித்தான் பண்றாங்க."

மீதியில் ஒரு மாத விறகு வாங்கலாம் என்று தெர்காவின் மனசு ஒரு நொடியில் கணக்குப் போட்டது. இரண்டு வருடமாக அது அப்படித்தான் பழகியிருந்தது. "இருபத்தஞ்சுக்கே எழுதுங்க" என்றாள். "அது முடியறப்ப எனக்கு எழுபத்தெட்டு. அப்ப வந்து என்கிட்டயே கேளுங்க."

வில்மோஷ் ரசீதை வாங்கிப் பார்த்தான். பிறகு அடுப்பில் ஒரு கட்டையைக் கூடுதலாகவே வைத்தான்.

மார்ச்சில் வங்கி ஒப்பந்தத்தை முறித்தது. அடுத்த வருடம் இலையுதிர்காலத்தில் வீடு ஏலத்துக்குப் போய், அவர்கள் கூரைக்கும் ஜன்னல்களுக்கும் செலவழித்த தொகைக்கே ஏறக்குறைய விலைபோனது. கடனில் மிச்சம் இருந்தது. தெர்காவின் சம்பளத்தில் மூன்றில் ஒரு பங்கு மாதாமாதம் பிடிபட்டது. வில்மோஷுக்கு நகராட்சியில் வாய்க்கால் சுத்தம் செய்யும் வேலை கிடைத்தது, ஆறு மாதம் உண்டு, ஆறு மாதம் இல்லை. ஆலைத் தொழிலாளர்களுக்கென்று எப்போதோ கட்டிய அடுக்குமாடியில், நாலாவது மாடியில், ஒற்றை அறை வீட்டை வாடகைக்குப் பிடித்தார்கள்.

குடிபோன மறுநாள் காலை, கட்டடத்தைப் பார்த்துக்கொள்ளும் கிஷ்பலி அம்மாள் கையில் நோட்டோடு வந்து கதவைத் தட்டினாள். பருத்த உடம்பு, நாலு மாடி ஏறி மூச்சு வாங்கியது.

"வாங்க வாங்க, நல்லா இருங்க. லிஃப்ட் ரிப்பேர், நான் சாகறதுக்குள்ள சரிபண்ணுவாங்கன்னு நம்பிக்கை இல்ல. இங்க தண்ணிக்கும் குப்பைக்கும் தலைக்கு இவ்வளவுன்னு கட்டணும். மீட்டர் கிடையாது. கீழ எட்டாம் நம்பர்ல ஆறு பேரை வச்சுக்கிட்டு நாலுன்னு எழுதி ஏமாத்தறாங்க, அதான் நானே நேர்ல வந்து எண்ணிடறது. சொல்லுங்க, எத்தனை பேர்?"

தெர்கா வாயைத் திறந்தாள். சொல்ல வந்த எண் நாக்கின் நுனியில் நின்றது. வில்மோஷ் அவளைப் பார்த்தான்.

"ரெண்டு" என்றான்.

கிஷ்பலி அம்மாள் அவன் தோளுக்கு மேலாக எட்டி, அறையை ஒரு சுற்றுப் பார்த்தாள். கட்டில், மேசை, பிரிக்காத பெட்டிகள். "ரெண்டு" என்று சொல்லிக்கொண்டே எழுதினாள். ஒரு தலை குறைந்தால் மாதம் எவ்வளவு மிச்சம் என்று தெர்காவின் மனசு கணக்குப் போட்டுவிட்டிருந்தது. கணக்கு சரியாகத்தான் வந்தது. கதவைச் சாத்திவிட்டு, முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டு, அவள் பெட்டிகளைப் பிரிக்கத் தொடங்கினாள்.