தட்டா, கம்பியா: ஒடிந்த கையோடு இரண்டு ஊர்

ஜெர்மன் சண்டை முடிந்த மறுவருஷம், தை மாதத்துத் திங்கட்கிழமை ஒன்றில் தேவதானத்திலிருந்து நானும் என் கணவர் ஞானமுத்துவும் கிளம்பினோம். நான் ஊர்ப் பள்ளிக்கூட ஆசிரியை. புரட்டாசியில் சுவரில் தேசப்படம் மாட்டும்போது பெஞ்சிலிருந்து விழுந்து வலது மேல்கை எலும்பு ஒடிந்தது. மூன்று மாதம் மாவுக்கட்டு போட்டும் ஒட்டவில்லை. தோளுக்கும் முழங்கைக்கும் நடுவில் புதிதாக ஒரு மூட்டு முளைத்ததுபோல் கை மடங்கியது. இனி அறுத்துத்தான் பொருத்த வேண்டும் என்றார்கள்.

காலை ஆறரைக்கு, பெட்ரோலுக்குப் பதில் கரியை எரித்து ஓடும் கரிவாயு பஸ். ராஜபாளையம் பத்து மைல், ஆளுக்கு நாலணா, ஒன்றரை மணி நேரம். (ஒடிந்த கையோடு போகிறவர்கள் முன் ஸீட்டைக் கேட்டு வாங்குங்கள். பின்னால் உட்கார்ந்து நான் பட்டது போதும்.)

அங்கே டாக்டர் எக்ஸ்ரே படத்தை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். எலும்பின்மேல் எஃகுத் தட்டு வைத்து ஆறு திருகாணி முடுக்கலாம், அசையாமல் பிடிக்கும், தோளுக்கு ஒன்றும் ஆகாது என்றார். எலும்பின் பின்புறம் சுற்றிப் போகும் நரம்புதான் சிக்கல்.

"அதை ஒதுக்கித்தான் தட்டு வைக்கணும், டீச்சர். அதுக்குச் சேதம் வந்தா மணிக்கட்டு தொங்கிரும், விரலை நிமிர்த்த வராது. சிலருக்குப் பொறவு சரியாகும். சிலருக்கு ஆகாது."

பதினோரு மணிக்கு அடுத்த பஸ். ஸ்ரீவில்லிபுத்தூர் ஏழு மைல், மூன்றணா. அங்கிருந்த டாக்டர் பட்டாள ஆஸ்பத்திரியில் வேலை பார்த்தவர். நாங்கள் அவரைப் பார்க்க இரண்டரை ஆகிவிட்டது. பிடிபட்ட ஜெர்மன் சிப்பாய்களின் எலும்புக்குள் நீளக் கம்பி இருந்ததை அவர் அங்கே கண்டாராம். தோள்பக்கம் சிறிதாகக் கீறி, எலும்பின் உள்குழலில் கம்பியை இறக்குவார். நரம்பின் பக்கம் கத்தி போகாது. ஆனால் தோள் பழையபடி உயராது என்றும் மறைக்காமல் சொன்னார்.

கம்பி வைத்த ஒருவரைப் பார்க்கலாமா என்று கேட்டேன். வார்டில் இருந்த லாரி டிரைவரைக் காட்டினார். அவர் விரல்களை இறுக்கி மூடிக் காட்டினார். கையைத் தூக்கினார், தோள் மட்டத்தில் நின்றுவிட்டது.

"அம்புட்டுதான் போகுது, டீச்சர். ஸ்டீரிங் பிடிக்க இது போதும். மூட்டை ஏத்த ஏலாது."

வராந்தாவில் என் கணவர், ராஜபாளையத்துக்கே போய்த் தட்டு வைத்துக்கொள்வோம் என்றார். "நீ போர்டுல எழுதணும்லா?"

"விரலு போச்சுன்னா போர்டு எட்டி என்ன செய்ய?" என்றேன்.

உண்மையைச் சொன்னால், பாதி முடிவைக் களைப்புதான் எடுத்தது. இன்னொரு பஸ்ஸில் ஏற எனக்குத் தெம்பில்லை. அன்றே ஆஸ்பத்திரியில் சேர்ந்தேன்.

புதன்கிழமை கம்பி இறங்கியது. பதினாறு நாள் அங்கே இருந்தோம். சித்திரையில் எலும்பு ஒட்டியது. விரல்களுக்குக் குறையில்லை. கை தோளுக்கு மேல் போகவில்லை. பள்ளியில் கரும்பலகையை ஒன்றரை அடி இறக்கி மாட்டிவிட்டார்கள்.

இதே காரியமாகப் போகிறவர்களுக்கு எது மேல் என்று என்னால் சொல்ல முடியாது. இரண்டு டாக்டர்களையும் பாருங்கள், ஆனால் ஒரே நாளில் வேண்டாம். போகுமுன் உங்கள் கை காலையிலிருந்து இரவுவரை என்னென்ன செய்கிறது என்று எழுதிப் பாருங்கள். நான் கரும்பலகையை மட்டுமே நினைத்தேன். பின்தலைக்குக் கை எட்டாது என்பது வீட்டுக்கு வந்த பிறகுதான் உறைத்தது. தினமும் காலையில் வயல்காட்டு வேலைக்குப் போகுமுன் அவர்தான் எனக்குக் கொண்டை போட்டுவிடுகிறார். கோணலாகத்தான் வருகிறது. அப்படியே பள்ளிக்கூடம் போகிறேன்.