நிம்பஸ் என்றால் கறுப்பா, தங்கமா?

மேற்குத் தாம்பரத்தில் ஒரு போர்டு ஆர்ட் கடையில் நான் வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே கலாட்டா. அறுபதுகளின் கடைசி. அன்று சாயங்காலம் சர்ச் திருவிழாத் தேரில் கட்ட வேண்டிய மாதா படம், ஆளுயரத் துணியில் தயாராகிக்கொண்டிருந்தது. ஆர்டர் கொடுத்தவர் சர்ச் கமிட்டியில் இருந்த இங்கிலீஷ் வாத்தியார். “மாதா தலைக்குப் பின்னாடி ஒரு நிம்பஸ் வேணும், நல்லா எடுப்பா” என்று சொல்லிவிட்டுப் போயிருந்தார்.

எங்கள் ஓனர் பள்ளிக்கூடங்களுக்கு சயின்ஸ் சார்ட் வரைந்தே பெயர் எடுத்தவர். மேக வகைகள் அத்தனையும் அவருக்குத் தலைகீழ்ப் பாடம். நிம்பஸ் என்றால் மழைமேகம். எடுப்பாகவே போட்டிருந்தார், கன்னங்கரேலென்று.

மத்தியானம் வாத்தியார் வந்தார். படத்தைப் பார்த்ததும் முகம் வெளிறிவிட்டது.

“என்னங்க இது, மாதா தலைல இடி விழற மாதிரி இருக்கு?”

“நீங்கதான சார் நிம்பஸ் கேட்டீங்க? மழை மேகம்!”

“ஐயோ, ஒளிவட்டத்துக்கும் நிம்பஸ்னுதாங்க பேரு! தலையைச் சுத்தி தங்கமா இருக்குமே, அது!”

ஓனர் தலையில் கை வைத்துக்கொண்டார். “இன்னா சார் பேஜாரு! ஒரே வார்த்தைய கறுப்புக்கும் வச்சிகினு தங்கத்துக்கும் வச்சா மனுசன் இன்னா பண்ணுவான்?” என் பக்கம் திரும்பினார். “இது திரும்பி வந்துச்சுன்னா கட காலி. நாளைக்கு நீயும் வராத.”

வீட்டில் சம்பாதிக்க நான் ஒருத்தன்தான். எனாமல் பெயின்ட் இன்னும் ஈரம். மேலே தங்கக் கலர் பூசினால் சேறாகிவிடும். காயும்வரை தேர் நிற்காது. விரலால் தொட்டுப் பார்த்தேன். பிசுபிசுவென்று ஒட்டியது. அட, இந்த ஈரம்தானே பசை!

மார்க்கெட்டுக்கு ஓடி தங்க ஜிகினாத் தாள் வாங்கி வந்தேன். நடுவில் தலைக்கு இடம் விட்டு வட்டமாக வெட்டி, சுற்றிலும் கதிர் கதிராக நறுக்கி, கறுப்பின் மேல் அழுத்தினேன். கப்பென்று பிடித்துக்கொண்டது. கருமேகத்துக்கு நடுவில் அது ஜொலித்த ஜொலிப்பு இருக்கிறதே! நீலவானத்தில் ஒட்டியிருந்தால் இதில் பாதிகூட வந்திருக்காது. சந்தோஷத்தில் கத்தியே விட்டேன். வாத்தியார் சிலுவை போட்டுக்கொண்டு படத்தைத் தூக்கினார். “நாளைக்கு சீக்கிரம் வந்துடு” என்றார் ஓனர்.

தொழிலுக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு ஒன்று சொல்வேன். கஸ்டமர் வாயால் சொல்வதை மட்டும் நம்பி பிரஷ்ஷைத் தொடாதீர்கள். பென்சிலைக் கையில் கொடுத்து, கோணல்மாணலாக இருந்தாலும் வரைந்து காட்டச் சொல்லுங்கள். மறு வருஷம் அந்த வாத்தியாரிடமும் நான் பென்சிலை நீட்டினேன்.

அவர் வாங்கவே இல்லை. “எதுக்குப்பா? போன வருஷம் மாதிரியே ரெண்டு நிம்பஸையும் போட்டுடு” என்றார்.