எந்த ஜீப் மிஞ்சும்

எங்கள் கிளினிக் வேலைக்கு இரண்டு ஜீப்புகள் இருந்தன. ஒன்று என்னைவிட வயது கூடிய பெற்றோல் ஜீப், தகரம் முழுக்கத் தட்டி நிமிர்த்திய தழும்பு. மற்றது அதே இனத்தில் பிந்திப் பிறந்தது. டீசலில் ஓடும், பஞ்சு வைத்த ஆசனம், ஏற்றி இறக்கும் கண்ணாடி. தொண்ணூறுகளின் நடுப்பகுதி அது. யுத்தத் தடையால் வன்னிக்குள் டயர் வருவதே இல்லை. இருந்த நல்ல டயர்கள் ஒரு ஜீப்புக்குத்தான் காணும். மாத முடிவில் ஒன்றை வைத்துக்கொண்டு மற்றதைப் பாகம் பாகமாகக் கழற்றுவது என்று எங்கள் பொறுப்பு டொக்டர் சொல்லிவிட்டார். எதை வைத்திருப்பது என்று நான் சொல்ல வேண்டும். நான் மருத்துவமாது, பிள்ளைப்பேறு பார்ப்பவள். இரண்டிலும் குலுங்கித் திரிந்தவள்.

எனக்கு யோசிக்க ஒன்றும் இருக்கவில்லை, புதுசுதான். பழைய ஜீப்பில் ஏறினால் இறங்கும்போது எந்த எலும்பு எங்கே இருக்கிறது என்று தேட வேண்டும். பெற்றோல் கண்ணில் காணக் கிடையாத காலம் என்பதால் அதை மண்ணெண்ணெயில் ஓட்டினார்கள். புகை மணம் உடுப்பை விட்டுப் போகாது. இதை ட்ரைவரிடம் முகத்துக்கு நேரே சொன்னேன். அவர் மலையகத்தில் தேயிலை லொறி ஓடி, பிறகு கிளிநொச்சிப் பக்கம் வந்து குடியேறியவர். என்னைவிடப் பத்து வயது மூத்தவர்.

"உங்க இஷ்டம் மிஸி" என்றார். பிறகு தன் சாரத்து நுனியால் அந்தப் பழைய ஜீப்பின் விளக்கைத் துடைத்தார். அதைக் கழற்றினால் இந்த மனுசன் சோறு தின்னமாட்டார் என்று எனக்குத் தெரிந்தது. தெரிந்தும் மனம் இளகவில்லை.

இருபதாம் திகதியோடு டீசல் முடிந்துவிட்டது. மாரி மழை. மல்லாவிக்கு அப்பால் காட்டோரக் கிராமத்தில் ஒருத்திக்குக் காலையிலிருந்து வலி. பிள்ளை திரும்பிக் கிடந்தது. பழைய ஜீப்பைத்தான் எடுத்தோம். அவர் காபரேற்றருக்குள் கொஞ்சப் பெற்றோலை ஊற்றி, முன்னால் இரும்புப் பிடியைச் செருகி ஒரு சுற்றுச் சுற்றினார். பற்றிக்கொண்டதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றினார். பெற்றரிக்கு எஞ்சினைச் சுற்றும் பலம் போய் மாதக்கணக்காகியும் அந்த ஜீப் அதைப் பொருட்படுத்தவில்லை.

அவளைப் பின்னால் படுக்க வைத்துக்கொண்டு திரும்பினோம். வழியில் பாலத்துக்கு மேலால் வெள்ளம் பாய்ந்தது. ஆழம் பார்க்க ட்ரைவர் ஒரு தடியோடு தண்ணீருக்குள் இறங்கினார். எஞ்சின் ஓடிக்கொண்டேயிருந்தது. ஒரு சொட்டு எண்ணெயையும் வீணாக்காதே என்று பழகிய கை எனக்கு. விளக்கைக்கூட ஊதி அணைத்துவிட்டு இருட்டில் சாப்பிட்ட காலம். எட்டி எஞ்சின் திறப்பைத் திருகி நிப்பாட்டினேன். நல்ல காரியம் செய்துவிட்டேன் என்ற எண்ணம் வேறு.

கால் மணித்தியாலம் கழித்து நனைந்துபோய் வந்தவர், சத்தம் இல்லாததைக் கேட்டு அப்படியே நின்றார்.

"நிப்பாட்டிட்டீங்களா மிஸி? மண்ணெண்ணெயில ஓடுறத சும்மா நிப்பாட்டக் கூடாதுங்க. பெற்றோலுக்கு மாத்திட்டுத்தான் நிப்பாட்டணும். இந்த மழையில ஆறிடுச்சுன்னா மண்ணெண்ணெயில பத்தாது."

கையில் இருந்த பெற்றோல் புறப்படும்போதே ஊற்றி முடிந்துவிட்டது. பின்னால் கிடந்தவள், "ஏன் மிஸி நிண்டிட்டுது?" என்று கேட்டாள். என் கையை வெட்டிப் போடலாம் போலிருந்தது.

அவர் என்னைத் திட்டவில்லை. பக்கத்து மிளகாய்த் தோட்டத்து வீட்டுக்கு ஓடினார். அந்த வீட்டுக்காரி ஒரு சின்ன ஊசிமருந்துப் போத்தலோடு குடையும் இல்லாமல் வந்தாள். அதற்குள் மூன்று விரற்கடை பெற்றோல்.

"இறைப்பு மெசின் ஸ்ராட் பண்ண வைச்சிருந்தனான். மழைதானே பெய்யுது, கொண்டு போங்கோ."

ட்ரைவர் முதலில் எஞ்சின் காற்றாடியின் பெல்ட்டைக் கழற்றினார். காற்றாடி சுற்றினால் தண்ணீரை வாரிப் பிளக்கில் அடிக்குமாம். பிறகு அந்தப் பெற்றோலை ஊற்றி, பிடியைச் சுற்றினார். இரண்டாம் சுற்றில் இருமிக்கொண்டு எழும்பியது. சில்லின் பாதி மூழ்க, வெள்ளத்துக்குள் அது ஒரு எருமை மாதிரி அவசரமே இல்லாமல் நடந்தது. என் காலடியில் தண்ணீர் புகுந்தது. எஞ்சினுக்கு ஒரு தடவைகூட மூச்சு முட்டவில்லை. நான் அந்த ஜீப்பைக் கும்பிட்டேன், சொல்ல வெட்கமில்லை. பின்னேரத்துக்குள் மல்லாவி ஆசுப்பத்திரியில் பெண் பிள்ளை பிறந்தது. தாயும் சுகம்.

அடுத்த கிழமை, மாத முடிவில், டொக்டர் எங்கள் இருவரையும் கூப்பிட்டார். "அண்டைக்கு ஏன் அவ்வளவு பிந்தினது?" என்று என்னைப் பார்த்துக் கேட்டார். நான் வாய் திறக்க முந்தி ட்ரைவர் சொன்னார்:

"வண்டி தானா நின்னுடுச்சு சார். பழைய வண்டிதானே, அப்படித்தான் நிக்கும்."

அந்த ஜீப்பை யாராவது ஒரு சொல் குறை சொன்னால் முகம் சுருங்கும் மனுசன். அதைக் கழற்றுவதா வைப்பதா என்று முடிவெடுக்கும் நாளில், என் மானத்துக்காக அதன்மேல் பொய்ப்பழி போட்டார். நிலத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். எனக்குக் கண் கலங்கிவிட்டது.

"இல்லை டொக்டர்," என்றேன். "வண்டி நிக்கேல்லை. நான்தான் விசர்த்தனமா நிப்பாட்டினனான். ஒரு ஊசிமருந்துப் போத்தல் பெற்றோலிலை திரும்பி எழும்பி வெள்ளத்தைக் கடந்தது அது. டீசல் எங்களுக்கு எப்பவும் கிடைக்குமெண்டில்லை, மண்ணெண்ணெய் எல்லா வீட்டு விளக்கிலையும் கிடக்கு. பழசை வைச்சிருங்கோ."

டொக்டர் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு, "ஓம், பழசு இருக்கட்டும்" என்று சொல்லிக்கொண்டே எழுதினார்.

பின்னேரமே புது ஜீப்பைக் கல் வைத்து உயர்த்தி, சில்லுகளைக் கழற்றத் தொடங்கினார்கள். கைகொடுக்க ட்ரைவரைக் கூப்பிட்டார்கள். அவர் அதையும் பார்த்து நிற்கமாட்டாமல் உள்ளே போய்விட்டார்.